காத்திருக்கும் வேலை

இன்வாய்ஸில் தள்ளுபடியைக் கழித்த பிறகு வரும் தொகையை எந்தக் கட்டத்தில் ரவுண்ட் செய்ய வேண்டும் என்பதில் இருந்த ஒரு சிறு தவற்றைத் திருத்துவதற்கு எங்கள் குழுவுக்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக ரவுண்ட் செய்துகொண்டிருந்த கணக்கை, மொத்தத் தொகையில் ஒரே ஒரு முறை செய்யும்படி மாற்றினால் போதும். அந்த மாற்றம் அதைக் கேட்ட கணக்குப் பிரிவின் கைக்குப் போய்ச் சேர்ந்தபோது 11 வாரங்கள் கழிந்திருந்தன. இடைப்பட்ட காலம் முழுவதும் அவர்கள் கணினி காட்டிய தொகையை விரிதாளில் மீண்டும் கணக்கிட்டு, வித்தியாசத்தைக் கையால் சரிசெய்து வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது நாங்கள் மென்பொருளைச் சிறிது சிறிதாகச் செய்து காட்டி முன்னேறும் அஜைல் முறைக்கு மாறி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஸ்பிரிண்ட் என்ற இரண்டு வார வேலைச் சுற்று, தினமும் காலையில் ஸ்டாண்ட்-அப் என்ற 15 நிமிடக் கூட்டம், ஒவ்வொரு ஸ்பிரிண்டின் முடிவிலும் நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ, சுவர்ப் பலகையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வண்ண அட்டை என்று எதிலும் குறை வைக்கவில்லை. அதே ஆண்டில் சர்வர்களையும் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளுக்கு, கொண்டுபோயிருந்தோம். இரண்டையும் உண்மையான அக்கறையோடுதான் செய்தோம் என்பதால் அந்த 11 வாரக் கணக்கு என்னை உறுத்தியது. ஒரு தாளை எடுத்து 77 நாட்களையும் வரிசையாக எழுதி, அந்தந்த நாளில் இந்தத் திருத்தம் யார் கையில் இருந்தது என்று குறித்துப் பார்த்தேன். எழுதியதும் சோதித்ததும் சேர்ந்து இரண்டு நாட்களைத் தொடவில்லை. மற்ற நாட்களில் அது யார் கையிலும் இல்லை. செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாகில் தன் முறை வருவதற்காக, சோதனை சர்வர் காலியாவதற்காக, மாற்றங்களைப் பயனர்களுக்குக் கொண்டுசேர்க்கும் காலாண்டு வெளியீட்டுக்காக, அந்த வெளியீட்டுக்கு ஒப்புதல் தரும் குழு கூடுவதற்காக என்று அது காத்துக்கொண்டே இருந்தது.

வணிக மென்பொருள் திட்டங்களில் அஜைலையும் கிளவுடையும் பற்றி நான் இன்று நம்புவதெல்லாம் அந்த ஒரு தாளிலிருந்து கிளைத்ததுதான். இவை இரு வேறு சீர்திருத்தங்களாக, இரு வேறு பட்ஜெட்டுகளில், இரு வேறு துறைகளால் நிறுவனங்களுக்குள் கொண்டுவரப்படுகின்றன. ஆனால் இரண்டும் குறைக்க முயல்வது ஒரே செலவைத்தான்: எடுத்த முடிவை மாற்றிக்கொள்ள ஆகும் செலவு. சிறிது செய்து காட்டி, கருத்துக் கேட்டு, அதற்கேற்ப அடுத்ததைச் செய்யச் சொல்கிறது அஜைல். அப்படிச் சிறிது சிறிதாக வெளியிடுவதற்கு வேண்டிய இயந்திரங்களைக் கேட்ட மாத்திரத்தில் தருகிறது கிளவுட். இரண்டும் சந்திக்கும் இடம் வெளியீடு. நாங்கள் இரண்டையும் ஏற்றுக்கொண்டுவிட்டு, அந்த ஓர் இடத்தை மட்டும் பழையபடியே விட்டுவைத்திருந்தோம்.

தேவைகளை எழுதி, வடிவமைத்து, நிரல் எழுதி, சோதித்து, கடைசியில் நிறுவும் முறையை ‘வாட்டர்ஃபால்’ என்கிறோம். அதன் தோற்றுவாயாகப் பலரும் காட்டுவது அமெரிக்கக் கணினி அறிவியலாளர் வின்ஸ்டன் ராய்ஸ் 1970இல் எழுதிய கட்டுரையை. அவர் அந்தப் படிகளை வரிசையாக வரைந்தது உண்மைதான். ஆனால் சோதனை கடைசியில் வருவதால் இந்த வரிசையை அப்படியே பின்பற்றுவது ஆபத்தானது, தோல்வியை வரவழைப்பது என்று அதே கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார். வாட்டர்ஃபால் என்ற சொல் அதில் இல்லவும் இல்லை. 31 ஆண்டுகளுக்குப் பிறகு, 2001 பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்டு என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். நான்கு விழுமியங்களும் 12 கொள்கைகளும் கொண்ட அந்த அறிக்கையில் ஸ்டாண்ட்-அப் பற்றியோ வேலையின் அளவை மதிப்பிடும் ஸ்டோரி பாயிண்ட் பற்றியோ ஒரு வார்த்தையும் கிடையாது. முன்னேற்றத்தை அளக்க முதன்மையான அளவுகோல் இயங்கும் மென்பொருளே என்பது இருக்கிறது. அதை ஓரிரு வாரங்களிலிருந்து ஓரிரு மாதங்களுக்குள், இயன்றவரை குறுகிய இடைவெளியில், கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. நாங்கள் கூட்டங்களைப் பிடித்துக்கொண்டோம், கொடுப்பதை விட்டுவிட்டோம்.

அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமில், ஒரு வேலை எப்போது முடிந்ததாகக் கருதப்படும் என்பதைக் குழு முன்கூட்டியே வரையறுத்திருக்க வேண்டும். அந்த வரையறையை எட்டாத வேலை ஸ்பிரிண்டின் பயனில் சேராது. எங்களிடமும் அப்படி ஒரு வரையறை எழுதி ஒட்டப்பட்டிருந்தது. அதன்படி, டெவலப்பரின் இயந்திரத்தில் சோதனைகள் தேறி, இன்னொருவர் நிரலைப் பார்த்துவிட்டால் அட்டை ‘முடிந்தது’ என்ற இடத்துக்குப் போய்விடும். ரவுண்ட் செய்யும் திருத்தத்தின் அட்டை பத்து நாட்களில் அங்கே போய்விட்டது. ஸ்பிரிண்ட் முடிவில் அதைச் செய்து காட்டிக் கைதட்டலும் வாங்கினோம். அதைக் கேட்டவர்களைப் பொறுத்தவரை அப்போது எதுவுமே நடந்திருக்கவில்லை.

வெளியீடு ஏன் காலாண்டுக்கு ஒரு முறை மட்டும் நடந்தது என்று கேட்டால், யாரும் சோம்பேறிகளாக இருந்ததால் அல்ல. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 60க்கும் மேற்பட்ட படிகள் கொண்ட ஓர் ஆவணம் இருந்தது. சனிக்கிழமை இரவு நால்வர் உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய, விடியும்வரை அந்த வேலை நீளும். ஒரு பயணத்துக்கு இவ்வளவு செலவென்றால் ஒவ்வொரு பயணத்திலும் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு போகத்தான் தோன்றும். மூட்டைகள் கூடினால் எது எதை உடைத்தது என்று கண்டுபிடிப்பது கடினமாகும். அதனால் அச்சம் கூடும். அச்சத்தால் இன்னும் ஓர் ஒப்புதல் சேரும். ஒப்புதலால் இடைவெளி நீளும். இடைவெளி நீண்டால் மூட்டை இன்னும் பெருக்கும். இந்தச் சுழலில் சிக்கியவர்கள் யாரும் தவறான முடிவு எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு முடிவும் அந்தந்த நேரத்துக்குப் பொறுப்பானதாகத்தான் இருந்தது.

கையால் நிறுவுவதன் ஆபத்துக்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேபிட்டலுக்கு 2012 ஆகஸ்ட் 1 அன்று நேர்ந்ததை. புதிய நிரலை எட்டு சர்வர்களில் நிறுவ வேண்டியிருந்தது. ஒன்றில் நிறுவப்படாமல் விடுபட்டுப்போனது. புதிய நிரல், பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய செயல்பாட்டை இயக்கிய அதே ஃபிளாகை, அதாவது நிரலுக்குள் சுவிட்ச் போல இருக்கும் குறியை, தனக்காக எடுத்துக்கொண்டிருந்ததால், எட்டாவது சர்வரில் அந்தப் பழைய செயல்பாடு விழித்துக்கொண்டு சந்தைக்கு ஆர்டர்களை அனுப்பத் தொடங்கியது. சுமார் 45 நிமிடங்களில் ஏற்பட்ட இழப்பு 44 கோடி டாலருக்கும் அதிகம். பிழையான நிரலை எழுதியதைவிட, ஒரு மனிதர் எட்டு முறை ஒரே வேலையைச் செய்து ஏழு முறை மட்டும் சரியாகச் செய்ததற்கு அதில் பங்கு அதிகம். எங்கள் சனிக்கிழமை ஆவணமும் அதே வகையைச் சேர்ந்ததுதான் என்பதை அந்தச் சம்பவத்தைப் படித்தபோது உணர்ந்து நடுங்கினேன்.

காத்திருப்பை எண்ணால் பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் நிறுவிக் காட்டிய விதி, வரிசையில் நிற்கும் எந்தப் பொருளுக்கும் பொருந்தும்: சராசரியாகக் கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு வாரத்தில் முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை உள்ளே வந்து வெளியேறச் சராசரியாக எத்தனை வாரங்கள் ஆகும் என்பது கிடைத்துவிடும். தொடங்கியும் வெளியிடப்படாமல் 30 வேலைகள் இருந்து, வாரத்துக்கு ஐந்துதான் பயனரைச் சென்றடைகிறது என்றால், எந்த வேலைக்கும் சராசரியாக ஆறு வாரம். டெவலப்பர்களை இன்னும் வேகமாகத் தட்டச்சு செய்யச் சொல்வதால் இந்த ஆறு வாரம் குறையாது. கையில் இருப்பதைக் குறைக்க வேண்டும், அல்லது வெளியேறும் வாசலை அகலப்படுத்த வேண்டும். நாங்கள் இரண்டு ஆண்டுகளாக மேம்படுத்திக்கொண்டிருந்தது தட்டச்சு செய்யும் பகுதியை.

இனி கிளவுடுக்கு வருகிறேன். அமேசான் வெப் சர்வீசஸ் 2006 மார்ச்சில் எஸ்3 சேமிப்பகத்தையும் அதே ஆண்டு ஆகஸ்டில் இசி2 கணினிச் சேவையையும் தொடங்கியபோது, ஒரு சர்வர் மணிக்கு 10 சென்ட் வாடகைக்குக் கிடைத்தது. பலருடைய கவனமும் அந்த விலையில் நின்றுவிட்டது. அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2011 செப்டம்பரில் வெளியிட்ட வரையறையில் கிளவுடுக்கு ஐந்து இன்றியமையாத பண்புகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றுள் முதலாவது, வேண்டியவர் வேண்டியபோது, இடையில் வேறொரு மனிதரின் உதவியின்றி, தாமே எடுத்துக்கொள்ள முடிவது. எங்கள் நிறுவனத்தில் ஒரு சோதனை சர்வர் வேண்டுமென்றால் படிவம் நிரப்பி, மூன்று பேரின் ஒப்புதலுக்குப் பிறகு, உள்கட்டமைப்புக் குழுவில் ஒருவர் அதை உருவாக்கித் தருவார். கிளவுடுக்குப் போன பிறகும் அதே படிவம், அதே மூன்று பேர். சர்வரை உருவாக்க ஆகும் நேரம் நான்கு நாட்களிலிருந்து நான்கு நிமிடங்களாகக் குறைந்தது. அதைக் கேட்டுப் பெறும் நேரம் மூன்று வாரமாகவே இருந்தது. முதல் பண்பைக் கழற்றி வைத்துவிட்டால் எஞ்சுவது வேறொருவரின் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கும் அதே சர்வர்தான்.

பணக் கணக்கும் அதனால்தான் பொய்த்தது. பழைய சர்வர்களை அளவு மாறாமல் அப்படியே தூக்கிக் கிளவுடில் வைத்தோம். உச்ச நாளின் சுமையைத் தாங்குவதற்காக வாங்கிய அளவு அது. மாதத்தில் ஒரு நாள் மட்டும் தேவைப்படும் அந்த அளவுக்கு மாதம் முழுவதும் வாடகை கட்டினோம். சோதனைச் சூழல்கள் இரவும் வார இறுதியும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு வாரத்தில் 168 மணி நேரம். ஐந்து நாட்கள், நாளுக்கு பத்து மணி நேரம் என்று வைத்தால் மனிதர்கள் அவற்றைப் பயன்படுத்தியது 50 மணி நேரம். மீதி 118 மணி நேரத்துக்கும் பில் வந்தது. அணைத்தால் என்ன என்று கேட்டதற்கு, மறுபடி கேட்டு வாங்க மூன்று வாரம் ஆகுமே என்று எல்லோரும் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. கிடைப்பது அரிதாக இருக்கும் எதையும் யாரும் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள்.

மாற்றம் படிவத்திலிருந்துதான் தொடங்கியது. ஒரு சூழலில் எத்தனை சர்வர், எந்த அளவு, எந்த நெட்வொர்க், எந்த அனுமதிகள் என்பதையெல்லாம் ஆவணத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, இயந்திரம் வாசித்து அப்படியே கட்டியெழுப்பும் நிரலாக எழுதினோம். ஒப்புதல் தரும் மூவரும் அந்த நிரலை ஒரு முறை பார்த்து, இந்த வரம்புக்குள் யார் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் உருவாக்கிக்கொள்ளலாம் என்று கையொப்பமிட்டார்கள். அதன்பின் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனியாக ஒரு சோதனைச் சூழல் எழுந்து, சோதனை முடிந்ததும் அழிந்துவிடும். சனிக்கிழமை இரவின் 60 படிகளை ஒவ்வொன்றாக, சோதிப்பதையும் நிறுவுவதையும் தானாகவே செய்யும் பைப்லைனுக்குள் நகர்த்துவதற்கு எட்டு மாதங்கள் பிடித்தன. அந்த எட்டு மாதங்களில் புதிய வசதிகள் குறைவாகவே வந்தன. அதை வணிகப் பிரிவுகளிடம் மறைக்காமல் முன்கூட்டியே சொன்னோம்.

வணிக மென்பொருளில் இதையெல்லாம்விடக் கடினமானது தரவுத்தளம். கிளவுட் பற்றிய பேச்சுகளில் இது போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் வருத்தம். நிரலைப் பழைய பதிப்புக்குத் திருப்பிவிடலாம். நேற்றிலிருந்து புதிய வடிவில் பதிவாகியிருக்கும் 10,000 இன்வாய்ஸ்களைத் திருப்ப முடியாது. எனவே ஒரு நெடுவரிசையின் பொருளை மாற்றுவது போன்ற எளிய வேலைகூடப் பல தவணைகளில் நடக்க வேண்டியிருக்கிறது. முதல் வெளியீட்டில் பழையதைத் தொடாமல் புதிய நெடுவரிசையைச் சேர்க்கிறோம். இரண்டாவதில் நிரல் இரண்டிலும் எழுதுகிறது, பழையதிலிருந்தே வாசிக்கிறது. பிறகு பழைய பதிவுகளைப் பின்னணியில் சிறு சிறு தொகுதிகளாகப் புதிய வடிவுக்கு மாற்றி, இரண்டின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு இரவும் ஒப்பிடுகிறோம். ஒரு மாதக் கணக்கு முடிப்பு முழுவதும் வித்தியாசமின்றிக் கடந்த பிறகு வாசிப்பைப் புதியதற்கு மாற்றுகிறோம். கடைசியில்தான் பழையது நீக்கப்படுகிறது. ஐந்து வெளியீடுகள், எந்த ஒன்றிலும் சிக்கல் வந்தால் ஒரு படி மட்டும் பின்வாங்கினால் போதும். காலாண்டுக்கு ஒரு வெளியீடு என்று இருந்தபோது இந்த முறை ஓராண்டுக்கு மேல் எடுத்திருக்கும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை. வெளியீட்டின் விலை குறைந்ததும் பாதுகாப்பான வழி முதன்முறையாக நடைமுறைக்கு உகந்ததாயிற்று.

ஒரேயடியாக மாற்றுவதன் விலையை பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் அறிந்தது. ஒரே வார இறுதியில் வாடிக்கையாளர் தரவுகளைப் புதிய அமைப்புக்குக் கொண்டுபோனார்கள். தரவுகள் சரியாகவே போய்ச் சேர்ந்தன, ஆனால் புதிய அமைப்பு தடுமாறியது. ஏறத்தாழ 19 லட்சம் பேர் தங்கள் கணக்குகளை அணுக முடியாமல் தவித்தார்கள். முழு இயல்புநிலை திரும்ப அந்த ஆண்டு டிசம்பர் ஆகிவிட்டது. 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் அந்த வங்கிக்கு விதித்த அபராதம் 4 கோடியே 86.5 லட்சம் பவுண்டு. மறுபுறம், 2008 ஆகஸ்டில் தரவுத்தளம் பழுதாகி மூன்று நாட்கள் டிவிடிகளை அனுப்ப முடியாமல் நின்ற நெட்ஃபிளிக்ஸ், அதன்பின் கிளவுடை நோக்கித் தொடங்கிய பயணத்தை 2016 ஜனவரியில்தான் முடித்தது. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். ஒவ்வொரு பகுதியாகப் புதிதாக எழுதி, பில்லிங்கைக் கடைசிக்குத் தள்ளி வைத்தார்கள். பணம் தொடர்பான பகுதி கடைசியில் போனதில் எனக்கு வியப்பில்லை.

தணிக்கையாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிரலை எழுதுபவரே அதைப் பயனர்கள் பயன்படுத்தும் சூழலான புரொடக்‌ஷனில் நிறுவக் கூடாது என்பது நிதி மென்பொருளில் பழைய, நல்ல விதி. அடிக்கடி வெளியிடும் முறைக்கு எதிராக எங்களிடம் வைக்கப்பட்ட முதல் வாதமும் அதுதான். நாங்கள் தணிக்கையாளரை அழைத்துவந்து பைப்லைனைக் காட்டினோம். எழுதியவர் தவிர இன்னொருவர் ஒப்புதல் தராமல் எந்த நிரலும் நகராது. யார், எப்போது, எந்த வரியை, எதற்காக மாற்றினார், யார் ஒப்புக்கொண்டார் என்பதெல்லாம் அழிக்க முடியாத பதிவாக இருக்கிறது. எந்த மனிதருக்கும் புரொடக்‌ஷன் சர்வருக்குள் நுழையக் கடவுச்சொல் இல்லை. பழைய முறையில் அவர் பார்த்தது கையொப்பமிட்ட ஒரு தாள்; அந்தத் தாளில் இருப்பதுதான் நிறுவப்பட்டதா என்பதற்கு எந்தச் சான்றும் இருந்ததில்லை. விதியின் நோக்கத்தை அவர் எங்களைவிடத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார். எதிர்ப்பு வரும் என்று நாங்களே எண்ணிக்கொண்டு அவரைக் கடைசிவரை அழைக்காமல் இருந்தது எங்கள் தவறு.

ஸ்டோரி பாயிண்ட் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. ஒரு குழு தனக்குள் பேசிக்கொள்ள அது உதவலாம். இரண்டு குழுக்களை அதைக்கொண்டு ஒப்பிடத் தொடங்கிய மாதத்திலேயே எண்கள் ஊதிப்பெருத்துவிடுகின்றன. எல்லாவற்றையும் கிளவுடில்தான் வைக்க வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். சுமை ஆண்டு முழுவதும் சீராக இருந்தால், மாற்றமும் அரிதாக இருந்தால், சொந்த சர்வர் மலிவாகவே இருக்கக்கூடும். தரவு நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்ற சட்டம் சில தேர்வுகளை முன்பே தீர்மானித்துவிடும்.

இன்றும் சரியாகாத ஒன்று இருக்கிறது. கணக்குப் பிரிவின் மேலாளர், முன்பு ஒரு முறை, ஒன்பது மாத உழைப்புக்குப் பின் நாங்கள் காட்டிய திரையைப் பார்த்து, “இதை முதல் மாசமே காட்டியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேனே” என்றார். இப்போது அவருக்கு முதல் வாரத்திலேயே காட்ட முடிகிறது. அவர் கேட்கும் சிறு திருத்தம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் அவர் திரைக்கு வந்துவிடுகிறது. ஆனால் அவருக்குத் தன் அன்றாட வேலை அப்படியே இருக்கிறது. எங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அவருக்கு ஒதுக்கப்பட்ட நேரம் என்று எதுவும் இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் எல்லாத் தேவைகளையும் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்துவிட்டால் போதும் என்றிருந்த காலத்தில் வகுக்கப்பட்டது அவருடைய பணி விவரம். ‘வணிகப் பிரிவின் பதிலுக்காக’ என்று ஒரு புதிய இடத்தைப் பலகையில் சேர்த்து, ஒவ்வோர் அட்டையும் அங்கே எத்தனை நாள் நிற்கிறது என்று குறிக்கத் தொடங்கியிருக்கிறோம். கடந்த மாதம் அந்தத் தாளைப் போலவே மறுபடியும் கணக்கெடுத்தபோது, மொத்தக் காத்திருப்பில் பாதிக்கு மேல் அந்த ஓர் இடத்தில் இருந்தது. வாரத்தில் இரண்டு அரை நாட்களை அவருக்கு இதற்கென்றே விடுவித்துத் தரும்படி நிதித் துறைத் தலைவரிடம் அந்தக் கணக்கோடு கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. அந்தக் கோரிக்கைக்கும் ஓர் அட்டை எழுதி அதே இடத்தில் ஒட்டியிருக்கிறோம்.